கழுவுகிறவளுக்குக் குடல்

புரட்டாசி மாசத்தில் எவனாவது பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து கறி விலை பேசினால், அந்தத் தட்டாலேயே அவன் மூஞ்சியில் ஒன்று போட வேண்டும் என்று அமராவதி இப்போது சொல்வாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. வந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டாள்.

வந்தவன் அந்நியன் இல்லை. புருஷன் பூவராகனின் கூடப் பிறந்த தம்பி இளவரசு. சிதம்பரத்துக்கு வெளியே வாய்க்கால் கரையில் தகரக் கொட்டகை போட்டு, ஆடு அடித்து, சுற்றுவட்டாரக் கறிக்கடைகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவன். அண்ணன் அங்கே தோல் உரிக்கிற ஆள். அண்ணி குடல் கழுவுகிறவள். தம்பி முதலாளி, அண்ணன் கூலி என்றாலும் "அண்ணன் சாப்ட்டாச்சா?" என்று கேட்காமல் தம்பி சோற்றில் கை வைக்க மாட்டான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. மரியாதைக்கு என்ன, காசா பணமா.

அந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அறுக்கிற பாய்க்குத் தோல், கழுவுகிறவளுக்குக் குடல். அதுதான் கூலி, மேற்கொண்டு காசு கிடையாது. அந்தக் காலத்தில் குடலுக்கு ஏது விலை? தொடைக்கறி வக்கீல் வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் போகும். ஈரலுக்குப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் முதல் நாளே சொல்லிவைப்பார்கள். நெஞ்செலும்புக்கு சூப்புக் கடைக்காரன் வந்து நிற்பான். சாணியும் சளியுமாகக் கிடக்கிற குடலை எவன் கேட்பான்? நாறுகிறது, கழுவுகிறவளே தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அமராவதி தூக்கிக்கொண்டு போனாள். அதில்தான் குடும்பம் நிமிர்ந்தது. ஆடு அடித்த சூட்டோடு குடலை எடுத்துச் சாணியைப் பிதுக்கித் தள்ளுவாள். குச்சியைக் கொடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பி, சுண்ணாம்பு தடவி, வெந்நீரில் முக்கிக் கறுப்புத் தோலைச் சுரண்டுவாள். வெந்நீர் கை பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் தோல் ஒட்டிக்கொள்ளும். இழுப்பு முரட்டுத்தனமாக இருந்தால் குடல் கிழிந்துவிடும். வெயில் ஏறுகிற வரைக்கும் போட்டு வைத்தால் ஊதிப்போய் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எல்லாம் முடித்து, அலுமினியக் குண்டானில் வெள்ளை வெளேரென்று அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, கிள்ளை பஸ் ஏறுவாள்.

கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பின்னால போய் ஒக்காரும்மா" என்பான்.

"ஒன் ஊட்டுல கொடலே ஆக்குனதில்ல பாரு, ரொம்பத்தான் மூக்கப் புடிக்கிற" என்பாள் இவள். பஸ்ஸே சிரிக்கும்.

கிள்ளையிலும் முடசல் ஓடையிலும் மீன்காரர் வீடுகளெல்லாம் அவளுக்கு வாடிக்கை. நாள் முழுக்க மீனில் கிடக்கிறவர்களுக்கு நாக்கு வேறு ருசி கேட்கும். கறி வாங்கக் கட்டுப்படியாகாது, குடல் கட்டுப்படியாகும். தெருமுனையில் இவள் தலை தெரியும்போதே, வலை பின்னிக்கொண்டிருக்கிற தங்கம்மாள் "கொடலு வந்துடுச்சிடீ!" என்று குரல் கொடுப்பாள். ஒரு ஆட்டுக் குடல் இருபது ரூபாய். கையில் காசு இல்லாதவள் நண்டு கொடுப்பாள், நெத்திலிக் கருவாடு கொடுப்பாள். விலை சொல்கிறதும் அமராவதிதான், இரக்கப்பட்டுக் குறைக்கிறதும் அவள்தான். யார் முன்னாலும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

இளவரசு தட்டோடு வந்ததற்கு முந்தின மார்கழியில் கடல் பொங்கி உள்ளே வந்தது. தங்கம்மாள் வீட்டிலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கடலோடு போன பிணத்தையெல்லாம் மீன் தின்றிருக்கிறது, அந்த மீனை எப்படித் தின்பது என்று. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் மீன் கூடைகள் அப்படியே திரும்பிப் போயின. எல்லா ஜனமும் கறிக்கடை வாசலில் வந்து நின்றது. கறி விலை சரசரவென்று ஏறிவிட்டது. கறி வாங்க முடியாதவர்கள் தலை கேட்டார்கள். தலை கிடைக்காதவர்கள் கால் கேட்டார்கள். அதுவும் தீர்ந்த பிறகு, குடல் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பைபாஸ் ரோட்டு ஓட்டல்காரர்கள் மீன்குழம்பு ஊற்ற வழியில்லாமல் குடல் குழம்பு ஊற்றினார்கள். லாரிக்காரர்கள் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, மறுநாளும் அதையே கேட்டார்கள்.

அமராவதி அந்த மாசங்களில் கொட்டகை வாசலிலேயே வைத்து நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். அவள் கிள்ளைக்குத்தான் போனாள். காசு கேட்க வாய் வரவில்லை, சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். "அண்ணிக்கு யாவாரம் தெரியல" என்று இளவரசு சிரித்தான். அவன் அப்போதே கண்ணை வைத்துவிட்டான்.

ஆடி ஆவணிக்குள் மீன் பயம் தெளிந்துவிட்டது. பிறகு புரட்டாசி பிறந்தது. கறி வியாபாரத்துக்குப் புரட்டாசி செத்த மாசம். பெருமாள் மாசம் என்று ஊரே கறியைத் தள்ளி வைத்துவிடும். இருபது ஆடு அடித்த கொட்டகையில் மூன்று ஆடு அடிப்பார்கள். பாதிக் கறிக்கடை பூட்டியே கிடக்கும். கிள்ளையிலும் அந்த வருஷம் செத்தவர்களை நினைத்து வீட்டுக்கு வீடு விரதம். குண்டானைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்தாள். ஒருநாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள், பிறகு கழுவிய குடலையெல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து, "ச்சீ, என்னா பொழப்பு இது" என்று பூவராகனிடம் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் இளவரசு வந்தான். கோயிலிலிருந்து நேரே வருகிறானாம். கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் அடுக்கிய தட்டு. நெற்றியில் பட்டையாக நாமம். அது யாருக்குப் போட வந்த நாமம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, ஒங்களப் பாக்க எனக்கு மனசே கேக்கல. கழுவி, சொமந்து, பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து... கடசீல வாய்க்கால்ல கொட்டுறதுக்கா இவ்ளோ பாடு?"

"என்னா பண்றது தம்பி. ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான்."

"எதுக்கு ஓட்டணும்ங்கிறன்? வித்தாலும் விக்காட்டியும் நாளுக்கு அம்பது ரூவா நான் குடுத்துடுறன். கழுவிப் போட்டுட்டு நேரா ஊட்டுக்கு வந்துடுங்க. கொடல நான் என்னாவோ பண்ணிக்கிறன். நாய்க்குப் போட்டாலும் என் நஷ்டம்."

"ஒனக்கு எதுக்குப்பா வீண் நஷ்டம்?"

"எங்கண்ணி நாத்தக் குண்டானத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவாப் போறதப் பாக்குறதுக்கு, நஷ்டப்பட்டாலும் பட்டுட்டுப் போறன் போங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனைப் பார்த்தாள். பூவராகன் வாசலில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டு, "தம்பி நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றான். அவள் சரி என்றாள். சர்க்கரை தூக்கலாகக் காபி போட்டது அதற்குப் பிறகுதான்.

தீபாவளிக்கு முதல் நாளே கொட்டகை வாசலில் ஓட்டல் வண்டி வந்து நின்றது. டிரைவர் கறியைக் கேட்கவில்லை, "கொடல் ரெடியா?" என்று கேட்டான். அமராவதி கழுவிக் கழுவிப் போட்டதை எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. பண்டிகை முடிந்தால் நின்றுவிடும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. அடுத்த மாசியில் கோழிக்குக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டார்கள். கோழியைத் தொட ஆள் இல்லாமல் மறுபடியும் ஆட்டுக்கே கூட்டம் வந்தது, குடல் இன்னும் ஏறியது. ஓட்டல்காரர்கள் அதற்குப் 'போட்டி வறுவல்' என்று பெயர் வைத்து போர்டில் எழுதினார்கள். இளவரசைப் பார்த்துவிட்டு மற்றக் கொட்டகைக்காரர்களும் கழுவுகிற பெண்களுக்குக் கூலி பேசிக் குடலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வழக்கம் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

அவள் கேட்காமல் இல்லை. ஆடியில் கேட்டால், "கூழ் ஊத்துற மாசம் அண்ணி, எல்லாம் கடன் யாவாரம்" என்பான். கார்த்திகையில் கேட்டால், "ஊரே மாலை போட்டுக்கிச்சு, யாரு கறி திங்குறா?" என்பான். சித்திரையில் கடலுக்குப் போகத் தடை போட்டு, மீன் இல்லாமல் கறி ஓகோவென்று ஓடும். அப்போது கேட்டால், "ஆட்டு வெல எங்கியோ போயிடுச்சு அண்ணி, கைக்கே நிக்கல" என்பான். விலை ஏறினால் ஏறிவிட்டது என்பான், இறங்கினால் இறங்கிவிட்டது என்பான். அவன் சொல்கிற கணக்கில் அவள் கூலி ஏறுவதற்கு மட்டும் பஞ்சாங்கத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது.

போன மார்கழியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. காடாம்புலியூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தின்னக் கொடுக்க வழியில்லாமல் ஜனங்கள் ஆட்டைக் கேட்ட விலைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். இளவரசு லாரி வைத்து ஏற்றி வந்தான். ஆடு பாதி விலைக்கு வந்தது, கறி விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. அந்த வாரமும் அவள் கேட்டாள். "புயல்ல எல்லாம் போச்சே அண்ணி" என்று உதட்டைப் பிதுக்கினான். யாருக்குப் போச்சு? போனவன் காடாம்புலியூரில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவன் வீட்டுக்கு மாடி ஏறியது.

ஏழு வருஷத்தில் அம்பது தொண்ணூறு ஆகியிருந்தது. குடல் ஒன்று நூற்றைம்பதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மகள் திலகவதிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை விஜயகுமாருக்குக் கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் கம்பெனி வேலை. முதல் நாள் மத்தியானமே இரண்டு பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். இலை போட்டால், மாப்பிள்ளை வயிற்றைத் தடவினான்.

"வேணாம் அத்தை, வழியிலியே சாப்ட்டுட்டோம். பைபாஸ்ல ஒரு ஓட்டலு. போட்டி வறுவல் போடுறான் பாருங்க, பிரமாதம்."

திலகவதி அம்மாவைப் பார்த்தாள். "நீ கழுவுன கொடல்தாம்மா அது. சித்தப்பாதான் சரக்கு போடுறாராம், கல்லாவுல ஒக்காந்திருந்த ஆளே சொன்னாரு. இத்தினியூண்டு கிண்ணம். நாலு வாய்க்கு வராது."

"எவ்ளோ வாங்கனான்?"

"தொண்ணூறு ரூவா."

அமராவதி கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டாள். "எவ்ளோ?"

"சாப்புடுற எடத்துல என்னா வெல விசாரிப்பு" என்றான் பூவராகன்.

"அவுங்கதான் சாப்டலியே. நீ சாப்புடு. நல்லா சாப்புடு" என்று அவன் இலையில் மேலும் இரண்டு கரண்டி சோற்றைத் தள்ளினாள். ஒரு நாள் முழுக்கக் குனிந்து கழுவுகிற கூலி, எவனோ ஒருத்தன் நாலு வாயில் விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற கிண்ணத்தில் இருக்கிறது. அவன் வேறு யாருமில்லை, சொந்த மாப்பிள்ளை. பாவம், அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தீபாவளியன்று விடிந்தும் வெளிச்சம் வரவில்லை, மழை மூட்டம். அமராவதி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, புதுப்புடவையை அப்படியே சாமி முன்னால் வைத்துவிட்டு, பழைய சேலையோடு கொட்டகைக்குப் போனாள். வருஷத்திலேயே பெரிய நாள். அறுபது ஆட்டுக்கு மேல் அடித்தாகிவிட்டது. காதர் பாய் மூச்சு விடாமல் அறுத்துக்கொண்டிருந்தார். பூவராகன் தொங்கவிட்ட ஆடுகளுக்கு நடுவில் தோல் உரித்துக்கொண்டிருந்தான். குடல் தொட்டி நாலும் நிறைந்து ஆவி பறந்தது. பக்கத்தில் வெந்நீர் அண்டா கொதித்தது. கூடக் கழுவுகிற செல்லாயியும் சின்னம்மாளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள்.

அமராவதி ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னாடி, தண்ணி கொதிக்குது" என்றாள் செல்லாயி.

"கொதிக்கட்டும்."

"ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு என்னா கேடு? கொடலு யாருதுன்னு தெரியாம இன்னிக்குத் தொடறதா இல்ல."

செல்லாயி தொட்டியைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற ஓட்டல் வண்டிகளைப் பார்த்தாள். செருகிய சேலையை அவிழ்த்துவிட்டு, "அப்ப எனக்கும் இடுப்பு வலிக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை எடுத்தாள். சின்னம்மாள் எதுவும் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டலுக்குச் சரக்கு எடுக்கிற தமிழ்வேந்தன் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய் இளவரசைக் கூட்டிக்கொண்டு வந்தான். இளவரசு புதுச் சட்டையில் இருந்தான். காலரில் மஞ்சள் வைத்திருந்தது.

"என்னா அண்ணி, நல்ல நாளும் அதுவுமா மாநாடு போட்டுருக்கீங்க?"

"கொடலு யாருதுன்னு சொல்லு, எந்திரிக்கிறன்."

"இது என்னா பேச்சு! ஏழு வருஷமாப் பேசுன கூலி..."

"ஏழு வருஷமா நான் கழுவுனது போதும்."

"சரி, ஒங்களுக்குத் தீபாவளிக்குப் பொடவ எடுக்கல, அதான கோவம்? மூணு பேருக்கும் இன்னிக்கே எடுத்துடுறன். கூலியும் நூத்தியிருவதா வச்சிக்குங்க. எந்திரிங்க."

"ஒன் பொடவைய நீயே கட்டிக்க. கழுவுறவளுக்குக் கொடலு. அதத்தான் கேக்குறன், வேற ஒண்ணும் கேக்கல."

தொட்டியில் மேலே கிடந்த குடல் லேசாக உப்ப ஆரம்பித்திருந்தது. தமிழ்வேந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, ஆவாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற கொட்டகையப் பாத்துக்குறன்" என்றான். இளவரசுக்கு முகம் மாறியது.

"நாள் கெழம பாத்துக் கழுத்த அறுக்குறீங்களே அண்ணி, இது நல்லாருக்கா?"

"நீ மட்டும் நாள் பாக்காமியா வந்த? புரட்டாசி சனிக்கெழம பாத்து, தட்டுல ஆப்பிள் வச்சிக்கிட்டு வந்தியே! அப்ப அறுத்தது யாரு கழுத்து? பாய்கிட்ட ஏன் நீ போவுல? அவருக்குப் புரட்டாசியும் ஒண்ணு, ஐப்பசியும் ஒண்ணு, ஒன் பருப்பு வேவாது. இன்னிக்கும் தோலு அவருக்குத்தான போவுது? கொட்டிட்டு வந்து அழுதுகிட்டுக் கெடந்தவ நான்தான, என்கிட்ட வந்த."

"நீங்க அழுதது எனக்கு என்னா ஜோசியமா தெரியும்?" இளவரசு கத்தினான். "அண்ணந்தான் வந்து சொன்னாரு! 'அழுதுகிட்டுக் கெடக்குறா, இந்த வாரமே வந்து கேளு, சரிம்பா'ன்னு. ஓட்டல்காரன் கொடலு வேணும்னு வந்து பேசிட்டுப் போனப்பவும் அவரு கூடத்தான் நின்னாரு. எல்லாத்தையும் என் தலையிலியே கட்டாதீங்க. அவரக் கேளுங்க!"

காதர் பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அமராவதி தோல் உரிக்கிற பக்கம் திரும்பினாள். ஏழு வருஷம் கொழுந்தனைத் திட்டாத நாள் இல்லை. திட்டியதெல்லாம் இந்த மனுஷனிடம்தான் உட்கார்ந்து திட்டினாள். அவனும் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"யோவ்" என்றாள்.

தொங்குகிற ஆட்டுக்குப் பின்னால் அவன் கால் மட்டும் தெரிந்தது.

"யோவ், ஒன்னத்தான்! வெளியில வா."

பூவராகன் பாதி உரித்த தோலைக் கையில் பிடித்தபடியே வந்தான். "மாப்ள ஊட்ல காத்துகிட்டு இருக்காரு. கழுவிப் போட்டுட்டு வா அமராவதி. ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"ஊட்டுல ஏழு வருஷம் பேசனன் பாரு, அது போதும். நீதான் சொன்னியா?"

அவன் தோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "நீ கிள்ளைக்கும் முடசல் ஓடைக்கும் குண்டானத் தூக்கிக்கிட்டுப் போற... ஊர்ல என்னா சொன்னானுவ தெரியுமா? கொடல்காரி புருஷன்னானுவ. பங்காளி ஊட்டுப் பந்தியில தள்ளி ஒக்காந்தானுவ. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. நீ ஊட்டோட கெடப்பியேன்னு பாத்தன்."

"ஓ, அசிங்கமா இருந்துச்சா!" அவள் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. "கொடல்காரி சம்பாரிச்சுதான் ஒன் கூரைக்கு ஓடு மாத்துனா. கொடல்காரி சம்பாரிச்சுதான் ஒன் மவ காதுல தோடு போட்டா. அதெல்லாம் நாறலியா ஒனக்கு? சரி, நாறுச்சு, நிறுத்திப்புட்ட. இப்ப மட்டும் நான் என்னா மல்லியப்பூவா கட்டுறன்? அதே தொட்டி, அதே கொடலு, அதே நாத்தம். காசு மட்டும்தான்யா ஒன் தம்பிக்குப் போச்சு! வெல சொல்லி வித்தவளக் கூலிக்குக் கையேந்த வச்சியே, அது அசிங்கமா தெரியலியா?"

பூவராகன் தொங்குகிற ஆட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தான்.

"அண்ணே, நான் கெளம்புறன்" என்றான் தமிழ்வேந்தன்.

"இருப்பா! இரு!" இளவரசு அவன் கையைப் பிடித்தான். மூக்கில் வாடை ஏற ஆரம்பித்துவிட்டது. "சரி அண்ணி. கொடலு ஒங்களுக்கு. மூணு பேருக்கும். இன்னியிலேருந்து. போதுமா?"

"பாயப் பாத்துச் சொல்லு."

"பாய், நீங்களே சாட்சி. கழுவுறவங்களுக்குக் கொடலு. இனிமே நான் கேக்கல. போதுமா? எந்திரிங்க, கோடிப் புண்ணியமாப் போவும்."

செல்லாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். சின்னம்மாள் அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு ஊற்றினாள். ஜெயித்தாகிவிட்டது, அமராவதி எழுந்திருப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளும் எழுந்தாள். ஆனால் தொட்டிப் பக்கம் போகவில்லை. வாளியைக் காலால் பூவராகன் பக்கம் தள்ளினாள்.

"மொதத் தொட்டி இவரு கழுவட்டும்."

அந்தக் கொட்டகையில் கத்தி பிடிக்கிற ஆண்பிள்ளை குடல் தொட்டியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. செத்தாலும் தொட மாட்டார்கள். பூவராகன் தம்பியைப் பார்த்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணனைக் கேட்காமல் கை நனைக்காத தம்பி, வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்தான்.

"போய் ஒக்காருண்ணே" என்றான். "நேரம் ஆவுது."

பூவராகன் தோலைக் கீழே போட்டான். வந்து வாளிமேல் உட்கார்ந்தான். தொட்டிக்குள் கையை விடும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த தொட்டிகளில் மூன்று பெண்களும் மளமளவென்று கழுவினார்கள். அமராவதியின் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. கழுவியதைக் கூடையில் போட்டு, வண்டி வாசலுக்கு அவளே தூக்கிக்கொண்டு போய், இளவரசு பக்கம் திரும்பாமலே தமிழ்வேந்தனிடம் விலை சொன்னாள். நூற்றைம்பதுக்கு ஒரு ரூபாய் குறையாது என்றாள். அவன் முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டான். பிறகு பூவராகன் கழுவிய கூடையைக் கிளறினான்.

"என்னாக்கா இது, பூராவும் கிழிஞ்சி தொங்குது?"

தோல் உரித்துப் பழகிய கை. தோலை இழுக்கிற மாதிரியே குடலையும் இழுத்து வைத்திருந்தான்.

"இதுக்கு முழு வெலையா கேக்குறீங்க? பாதிதான் தருவன்."

"பாதியே குடு" என்றாள் அமராவதி. "அவரு கழுவுறது எல்லாத்தையும் பாதி வெலைக்கே எடுத்துக்க."

"ஒனக்கு என்னா பைத்தியமாடி?" என்றாள் செல்லாயி. "அந்தாள எழுப்பி வுட்டுட்டு நாம கழுவுனா முழுக்காசும் வருமே."

"வேணாம்."

பூவராகன் நிமிர்ந்தான். முழங்கை வரைக்கும் சாணி. கண்ணில் சுண்ணாம்பு பட்டுச் சிவந்திருந்தது. "மெதுவா இழுக்கணுமா?" என்று கேட்டான்.

அவள் தொட்டியிலிருந்து அடுத்த குடலைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.